கழுத்து டார்ச்சுக்கு ஒரு சார்ஜர்

2.9.1999, வியாழன்

விடுப்புக் கடிதம் கொடுக்கக் கல்லூரிக்குப் போனேன். முதல்வர் கோபாலசுப்பிரமணியன் எழுந்து நின்று வரவேற்றார். முன்பெல்லாம் உட்கார்ந்தபடியே நாற்காலியைக் காட்டுவார். தொண்டையை எடுத்தவனுக்குத் தனி மரியாதைதான்.

"பூதலிங்கம், பேசாம ஸ்டோர்ஸ் பொறுப்பை எடுத்துக்கிடுங்களேன். அங்கன உங்களுக்குச் சிரமம் இருக்காது" என்றார். 'பேசாம' என்று சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மேஜையில் இருந்த பேப்பர்களைச் சரி செய்தார்.

ஸ்டோர்ஸ் என்றால் கம்பிச்சுருளையும் பல்பையும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எலக்ட்ரானிக்ஸ் நடத்தியே தலை நரைத்தவன் நான். பேச்சுக் கருவியைக் கழுத்தில் வைத்து "வகுப்பு வேண்டும்" என்றேன். இந்தக் குரலை முதல்முறை கேட்கிறவர்கள் எல்லோரும் வாயைப் பார்ப்பதா கழுத்தைப் பார்ப்பதா என்று தடுமாறுவார்கள். அவரும் தடுமாறினார்.

கடைசியில் ஒரு ஏற்பாடு. தீபாவளி கழிந்து நான் ஒரு முழுப் பீரியட் நடத்திக் காட்ட வேண்டும். அவர் வந்து உட்காருவார். முடிந்தால் வகுப்பு. முடியாவிட்டால் ஸ்டோர்ஸ்.

நியாயம்தான். ஆனால் என் பிரச்சினை தொண்டை இல்லை, பேட்டரி.

4.9.1999, சனி

நிலவரத்தை எழுதி வைக்கிறேன். போர்டில் எழுதாமல் கை அரிக்கிறது.

போன வருஷம் திருவனந்தபுரத்தில் குரல்வளையை எடுத்தார்கள். புற்று போயிற்று, கூடவே குரலும். மூச்சு இப்போது கழுத்தில் உள்ள ஓட்டை வழியாகத்தான். என் மனைவி கோமுவின் அண்ணன் மகன் கணேஷ்ராம் அமெரிக்காவிலிருந்து ஒரு கருவி அனுப்பினான். தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானை அமுக்கினால் உர்ரென்று அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வு பேச்சாகிவிடும். ஏற்றம் இறக்கம் கிடையாது. வண்டு தமிழ் பேசுகிற மாதிரி இருக்கும். உருவம் டார்ச் லைட் போல இருப்பதால் கோமு அதை டார்ச் என்கிறாள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

டார்ச்சுக்குள் ஒரு லித்தியம் பேட்டரி. அதன் சார்ஜர் போன மாத இடியில் கருகிப் போயிற்று. புதிது வாங்கலாமென்றால் அந்தக் கம்பெனியே இப்போது இல்லையாம். கணேஷ்ராம் அதற்குப் பதிலாகச் சார்ஜருக்கான சிப் இரண்டும், அதன் விவரத்தாளின் ஜெராக்ஸும் அனுப்பியிருக்கிறான். "மாமா, உங்களுக்குத் தெரியாததா!" என்று ஒரு வரி. தெரியாததுதான். இந்தச் சாதி சிப்பை நான் இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

அதுவரை பவர் சப்ளையில் மாட்டி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே அரைகுறையாக ஏற்றுகிறேன். அதனால் டார்ச் வெளியாட்களுக்கு மட்டும். வீட்டில் சைகை.

"ஊருக்கெல்லாம் பேச்சு, எனக்கு மட்டும் ஊமைப்படமா?" என்கிறாள் கோமு.

11.9.1999, சனி

இருக்கிற ஒரு பேட்டரியும் கிழடு. பாதிப் பீரியட் தாங்கினால் பெரிய காரியம். இன்னொன்று வேண்டும்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நேசையா கடை. ரேடியோ, டேப்ரிக்கார்டர், சவூதியிலிருந்து வருகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான் எல்லாம் அவனிடம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ஒரு செல்போன் பேட்டரியை எடுத்துக் கையில் வைத்தான். புதுசு, டப்பியே பிரிக்கவில்லை.

"இதுவும் லித்தியம்தானவே. ரெண்டும் ஒரே குடும்பம். பெறவு என்ன யோசனை?"

அண்ணன் சட்டை தம்பிக்குப் பற்றாது என்று சொல்ல நினைத்தேன். சார்ஜை அதற்குச் செலவழிக்க மனமில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

12.9.1999, ஞாயிறு

ரெண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் வயிறு வேறு.

அமெரிக்கப் பேட்டரி மேல் 3.6 வோல்ட் என்று போட்டிருக்கிறது. செல்போன் பேட்டரி மேல் 3.7. விவரத்தாள்படி, முதல் வகையை 4.1 வோல்ட் வரைக்கும் நிரப்பலாம், இரண்டாவதை 4.2 வரைக்கும். குறைவாக நிரப்பினால் நஷ்டம் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். கூடுதலாக நிரப்பினால் சூடாகி, உப்பி, தீயும் பிடிக்கலாம். லெட் ஆசிட் பேட்டரி மாதிரி விட்டுக்கொடுத்துப் போகிற குணம் இதற்குக் கிடையாது.

எந்தப் பேட்டரி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சிப்புக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்வது இரண்டு ரெசிஸ்டர் மூலமாக. மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றின் விகிதம்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்பது. பேட்டரியை அவையே குடித்துவிடக் கூடாது என்பதற்காக லட்சம் ஓம் கணக்கில் போடச் சொல்கிறார்கள்.

நான் இரண்டு ஜோடி போட்டு, நடுவில் ஒரு ஜம்பர் வைக்கப் போகிறேன். சின்னக் கட்டை. கீழே குத்தினால் 4.1, மேலே குத்தினால் 4.2.

21.9.1999, செவ்வாய்

ஜங்ஷன் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற இன்டர்நெட் கடையில் கணேஷ்ராமின் பதில் வந்திருந்தது. கணக்கு சரி என்கிறான். "ஆனால் மாமா, லேபிளை நம்பி 4.2 போடாதீங்க, முதலில் 4.1-ல் வைத்துப் பாருங்க." பயந்தவன். அல்லது புத்திசாலி.

3.10.1999, ஞாயிறு

சார்ஜர் போர்டை ஒரு தேக்குப் பலகையில் திருகி முடித்தாயிற்று. மூடி இல்லை. ஜம்பர் கீழே: 4.10. மேலே: 4.20. இரண்டாவது தசமம்கூட அசையவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருக்கிறது.

9.10.1999, சனி

அக்கா வீட்டிலிருந்து எல்லோரும் பாபநாசம் போகிறார்கள், எங்களையும் கூப்பிட்டார்கள். அருவியில் நான் எப்படி நிற்பது? கழுத்தில் வாசல் திறந்து கிடக்கிறது. கோமுவை மட்டும் போகச் சொன்னேன். போகவில்லை.

18.10.1999, திங்கள்

சரஸ்வதி பூஜை. புத்தகங்கள், தையல் மிஷின், ஸ்கூட்டர், சால்டரிங் அயர்ன், மீட்டர் எல்லாம் பூஜையில். டார்ச்சும்தான். சார்ஜர் பலகையும்தான்.

"பேசுத சாமான சரஸ்வதிகிட்ட வைக்காம வேற யார்கிட்ட வைக்க?" என்றாள் கோமு. பதில் சொல்லவும் வழியில்லை, டார்ச் பட்டுத்துணிமேல் படுத்திருக்கிறது. பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியும்வரை எடுக்கக் கூடாது. ஆக இன்று சாமி உத்தரவின் பேரில் மௌனம்.

19.10.1999, செவ்வாய்

காலையில் மறுபூஜை ஆயிற்று. பலகை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். மேலாகத் துடைத்துவிட்டு, ஜம்பரைக் கீழே குத்தி, அமெரிக்கப் பேட்டரியை மாட்டினேன். முகச்சவரம் செய்யப் போனேன்.

கோமு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "என்ன இது, நகப்பாலிஷ் வாசம் அடிக்கு?"

எனக்கு எந்த வாசமும் தெரியாது. மூக்கு வழியாக மூச்சு போனால்தானே. பலகையிடம் போய்ப் பார்த்தால் பேட்டரி கண் இமை வீங்கின மாதிரி உப்பிக் கிடக்கிறது. தொட முடியாத சூடு. இடுக்கியால் பிடுங்கி முற்றத்தில் போட்டேன்.

போச்சு. அவ்வளவுதான்.

20.10.1999, புதன்

அளந்தேன். 4.10. நேற்று உப்ப வைத்த அதே சார்ஜர் இன்று அரிச்சந்திரன் மாதிரி 4.10 காட்டுகிறது. ஜம்பரை மாற்றிக் குத்திவிட்டேனா? இல்லை, கீழேதான் இருந்தது, இன்னும் அங்கேயே இருக்கிறது.

22.10.1999, வெள்ளி

சிப்பை மாற்றினேன். 4.10. ரெசிஸ்டர்களைத் தனித்தனியே கழற்றாமல் அளந்தேன், சரி. கரண்டு ஏறி இறங்கியிருக்குமோ? பேட்டரிக்கே வயசாகி விட்டதோ? 4.1 என்று நான் முடிவு செய்ததே தப்போ? அப்படியென்றால் முந்தின இரண்டு வாரம் ஏன் ஒழுங்காக ஏறியது?

செல்போன் பேட்டரியை இந்தச் சார்ஜரிலோ பவர் சப்ளையிலோ மாட்டத் துணிவில்லை. இருப்பது இது ஒன்றுதான். இதுவும் உப்பினால் நேரே ஸ்டோர்ஸ்.

24.10.1999, ஞாயிறு

இன்றும் பேசவில்லை. யாரிடமும்.

27.10.1999, புதன்

கண்டுபிடித்தேன்.

மத்தியானம் பலகை மேல் குனிந்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு சால்டரிங்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மீட்டர் மாட்டியபடி. 4.10 என்பது 4.14 ஆயிற்று. நிமிர்ந்தேன், பைய இறங்கி 4.10. குனிந்தேன், 4.15. பேய் பிடித்த மாதிரி இருந்தது. யாரையாவது கூப்பிடலாமென்றால் எதைக் கொண்டு கூப்பிட?

பிறகு உறைத்தது. மற்றவர்கள் குனிந்தால் மூச்சு மூக்கிலிருந்து எங்கோ போகும். எனக்குக் கழுத்திலிருந்து நேராகப் பலகைமேல் இறங்குகிறது. ஈரமான மூச்சு. வேண்டுமென்றே ஓட்டையை நெருக்கமாகக் கொண்டுபோய் ஊதினேன். 4.22.

கீழ் ரெசிஸ்டரைக் கழற்றினேன். அதன் அடியில், இரண்டு காலுக்கும் நடுவே, காய்ந்த சந்தனம். காய்ந்திருந்தால் அது மண். ஈரம் பட்டால் அதுவும் ஒரு ரெசிஸ்டர். கீழ் ரெசிஸ்டரோடு சேர்ந்து விகிதத்தைக் கெடுத்து, நிறுத்த வேண்டிய இடத்தை மேலே தள்ளிவிட்டது. பூஜைக்கு மறுநாள் காலையில் அது நல்ல ஈரம். எங்கே போய் நின்றதோ, 4.5-ஓ அதற்கும் மேலோ. நான் அளந்தபோதெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது.

ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். ஊதினேன். 4.10. எவ்வளவு ஊதினாலும் 4.10.

28.10.1999, வியாழன்

சுத்தம் செய்த சார்ஜரில், செல்போன் பேட்டரியையும் 4.1-லேயே வைத்து ஏற்றினேன். டார்ச்சுக்குள் அது நுழையாது. ஒயரை வெளியே இழுத்து, பேட்டரியைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். பார்ப்பவர்களுக்குக் கல்யாண வீட்டு மைக்செட்காரன்.

வந்த குரலில் முதலில் கோமுவிடம் சண்டை போட்டேன். எட்டு நாளாக மண்டை காய்ந்தவன் நான். "நீதான் கெடுத்தாய். உன் சந்தனம்தான் என் பேட்டரியைக் கொன்றது. யாரைக் கேட்டு வைத்தாய்?"

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சரி. சாயங்காலம் பால் கூட ஒரு லிட்டர் சொல்லவா?"

புரிந்தது. இந்தக் கருவியில் கோபத்துக்குப் பொத்தான் இல்லை. நான் கத்துகிறேன், அது வண்டு மாதிரி ரீங்காரம் போடுகிறது. பேப்பரை எடுத்துப் பெரிதாக எழுதி, அடிக்கோடு இரண்டு போட்டு, முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தாள். கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

31.10.1999, ஞாயிறு

கோமு பேசவில்லை. சாப்பாடு வருகிறது, காப்பி வருகிறது. சார்ஜர் இருக்கிற மேஜையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் துடைக்கிறாள். மேஜைமேல் தூசி.

அவளை அழவைக்க எழுதவில்லை. ஆனால் அழட்டும் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை.

2.11.1999, செவ்வாய்

ஒத்திகை. ஹாலில் நின்று, பீரோவைப் போர்டாக வைத்துக்கொண்டு முழுப் பீரியடும் நடத்திப் பார்த்தேன். பாடம்: வோல்டேஜ் ரெகுலேட்டர். கோமு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குழம்புக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை.

பீரியட் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கையில் குரல் தடித்து, இழுத்து, நின்றுவிட்டது.

"முடிஞ்சிட்டா?" என்றாள், திரும்பாமலே. ஐந்து நாளில் முதல் சொல். இல்லை என்று தலையாட்டினேன். முதுகுக்கு எப்படித் தெரியும்? சுற்றிப் போய் அவள் முன்னால் நின்று தலையாட்டினேன்.

"பாதியில நிக்கே. அங்கனயும் இப்படித்தான் நிக்குமா?"

பேட்டரியை மறுபடி ஏற்றி, சாயங்காலம் அவளிடம் சொன்னேன்: "சந்தனம் வைத்தது நீ. ஆனால் துடைக்கிறேன் என்று அதை அடியில் தள்ளியது நான். துடைக்காமல் விட்டிருந்தால் மேலேயே காய்ந்திருக்கும்."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம்.

3.11.1999, புதன்

ஆக 4.1 போதாது. மேலே குத்தியே ஆக வேண்டும். கணக்குப்படி 4.2 சரி, லேபிள்படி சரி, விவரத்தாள்படி சரி. கை மட்டும் வரமாட்டேன் என்கிறது. முற்றத்தில் அந்த உப்பின பேட்டரி இன்னும் கிடக்கிறது.

5.11.1999, வெள்ளி

மேலே குத்தினேன். பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பேட்டரிமேல் விரலை வைத்தபடி இருந்தேன். கோமு வாசலில் நின்றாள், மூக்குக்காக. எனக்கு இல்லாத மூக்கு.

"ஒண்ணும் அடிக்கல" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி, "ஒண்ணும் அடிக்கல."

4.20-ல் நின்றது. சூடே இல்லை. நாளையும் இதையே செய்து பார்க்க வேண்டும்.

7.11.1999, ஞாயிறு

தீபாவளி. ஒரே மழை. வெடிச்சத்தத்தில் என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

10.11.1999, புதன்

ஆற்றில் தண்ணீர் செங்கல் நிறத்தில் போகிறது. குறுக்குத்துறையில் கோவிலுக்குள்ளே ஏறிவிட்டதாகப் பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

வகுப்பு பழைய பிளாக்கில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். முதல்வர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் டார்ச்சைக் கழுத்தில் வைத்து "உட்காருங்கள்" என்றேன். இரண்டு பேர் சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். பரவாயில்லை, முதல் நாள் நானே சிரித்தேன்.

போர்டில் படம் போட்டுத் திரும்பியபோது மழை கூரைமேல் கொட்டத் தொடங்கியது. சத்தம் என்றால் அப்படியொரு சத்தம். மற்ற வாத்தியார்கள் இந்த பிளாக்கில் மழை வந்தால் கத்துவார்கள். என்னால் கத்த முடியாது. பேட்டரி நிறைய இருக்கிறது, பாடம் இருக்கிறது, கேட்கத்தான் வழியில்லை. இதற்கா இரண்டு மாதம்? முதல்வர் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார், பிறகு எடுத்துவிட்டார்.

நான் தொடர்ந்து பேசினேன். வேறென்ன செய்ய. முன் பெஞ்சில் இருந்த இசக்கி என்ற பெண் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு இன்னும் மூன்று பேர். பிறகு எல்லோரும். ரயிலில் சீட்டு விளையாடுகிறவர்களைச் சுற்றி நிற்பார்களே, அப்படி மேஜையைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். யாருடைய தலைமயிர் எண்ணெயோ, யாருடைய ஈரச் சட்டையோ, எல்லாம் என்மேல். வாசனை தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

கேள்வி கேட்டார்கள். "அவுட்புட் கூடிட்டுன்னா சார்?" பதில் சொன்னேன். பெல் அடித்த பிறகும் இரண்டு நிமிஷம் பேசினேன். குரல் தடிக்கவே இல்லை.

முதல்வர் மட்டும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு எழுந்து வந்தார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல, பூதலிங்கம்."

நான் டார்ச்சை எடுப்பதற்குள் வாசலில் நின்ற இசக்கி சொன்னாள், "நீங்க முன்னால வந்திருக்கணும் சார்." சொல்லிவிட்டுப் பயந்து ஓடிவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "பாக்குதேன்" என்று மட்டும் சொன்னார்.

11.11.1999, வியாழன்

தகவல் இல்லை.

17.11.1999, புதன்

தகவல் இல்லை. நேசையா கேட்கிறான், "என்னவே, பாஸா பெயிலா?" பேப்பர் இன்னும் திருத்தவில்லை என்றேன்.

22.11.1999, திங்கள்

ஆர்டர் வந்தது. வாரத்துக்கு ஆறு பீரியட், புது பிளாக்கில், கான்கிரீட் கூரைக்கு அடியில். ஒரு மைக்கும் தருகிறார்களாம். ஸ்டோர்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வந்து கோமுவிடம் நீட்டினேன். படித்துவிட்டு அடுக்களைக்குப் போய் முகம் கழுவினாள்.

28.11.1999, ஞாயிறு

சாயங்காலம் கோமு பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாள். டவுணுக்குப் போக வேண்டுமாம், நானும் வர வேண்டுமாம். வகுப்பு கிடைத்தால் காந்திமதி அம்மனுக்கு என்னைக் கூட்டிவந்து அர்ச்சனை செய்வதாக நேர்ந்திருக்கிறாள்.

"வகுப்பு வாங்கிக் கொடுத்தது 3.7 வோல்ட் பேட்டரி. 4.20-ல் நிறுத்தின சிப். அர்ச்சனை செய்வதென்றால் அதற்குச் செய்" என்றேன்.

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டாள்.

"சந்தனம் கெடுத்துட்டுன்னு பெரிய எழுத்துல எழுதிக் காட்டினியளே, நான் ஒத்துக்கிட்டேனா இல்லையா? கெட்டதுன்னா சாமி சந்தனம், நல்லதுன்னா பேட்டரியா? இது எந்த ஊரு நியாயம்?"

"அது வேறு, இது வேறு."

"என்ன வேற? கெட்டதுக்குக் கணக்கு எம்மேல எழுதுதிய. நல்லதுக்கு மட்டும் எம்பேர அடிச்சிருதியளா?"

நல்ல கேள்வி. எனக்கு நல்ல பதிலும் இருந்தது. சந்தனம் ஈரமாக இருந்தது பௌதிகம், அதில் நேர்ச்சைக்கு என்ன வேலை என்று ஆரம்பித்து, படிப்படியாகப் போனேன். அவள் விடவில்லை. அவள் குரல் ஏறுகிறது, என் டார்ச் அதே சுருதியில் உர்ரென்கிறது. ஆனால் இப்போது அவளுக்குத் தெரிகிறது நான் கோபமாக இருக்கிறேன் என்று. என் புருவத்தைப் பார்க்கிறாள். ஆபரேஷன் ஆன நாள் முதல் நாங்கள் இப்படிச் சண்டை போட்டதில்லை. அடுத்த வீட்டு ஆசியா உம்மாள்கூட மாடியில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

முக்கியமான இடத்துக்கு வந்தேன். "ஆகவே, கோமு, நீ சொல்வதில் உள்ள தப்பு என்னவென்றால் –"

குரல் இழுத்தது. நின்றது.

பொத்தானை அமுக்கினேன். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினேன். வாய் மட்டும் அசைந்தது.

கோமு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் கிட்டே வந்து, என் சட்டைப் பைக்குள் கை விட்டுப் பேட்டரியை எடுத்தாள். ஒயரைக் கழற்றினாள். ஒரு மாதமாகத் தொடாத மேஜைக்குப் போய், முந்தானையால் பலகையைத் துடைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, வாயால் ஊதித் தூசியை விலக்கினாள்.

"மேல குத்தணுமா, கீழயா?"

மேலே என்று விரலைக் காட்டினேன். குத்தினாள். ஸ்விட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏறட்டும். என்ன தப்புன்னு மிச்சத்தையும் சொல்லிருங்க. கேட்டுட்டுத்தான் எந்திரிப்பேன்."